கண்ணேறு

ஏப்ரல் பிறந்துவிட்டது. இஷ்பெமிங்குக்கு
யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
பட்டறை ஜன்னலில் பாதிவரை ஏறிய பனி
உள்ளே எட்டிப் பார்க்கிறது.
இரவு பதினொன்று.
தரை துடைக்க வந்த ஹால்வர்சன்
"இன்னும் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.
இன்னும் அறுபத்தொரு மணி நேரம்.
அதை இரண்டு நிமிடமாக்க வேண்டும்,
திங்களுக்குள்.

பருவம் முழுக்க நான் கேட்டது ஒரே வார்த்தை:
ஸைமா, நகரு.
துளைப்பானுக்குப் பக்கத்தில் நிற்காதே, நகரு.
வெளிச்சத்தை மறைக்கிறாய், நகரு.
நகர்ந்து நகர்ந்தே எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன்.
மார்லிஸ் திருப்புளியைப் பல்லில் கடித்தபடி
நிரலோடு சண்டை போட்டது,
லாப்பியோவின் கை முதன்முதலாக எழுந்து
குழல்விளக்கை உடைத்தது
(லாப்பியோ என்றால் ஃபின்னிஷில் மண்வெட்டி.
பனி வாரியே வளர்ந்தவர்கள் ரோபோவுக்கு
வேறென்ன பெயர் வைப்பார்கள்),
கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே
எல்லோரும் சிரித்தது.

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று
பேசத் தெரியாதவள் நான்.
விரல்கள் மட்டும்தான் அப்படி.
சிரிப்புக்கு நாலு நொடி.
கொட்டாவிக்கு ஒன்றுமில்லை.
பசை காயக் காத்திருந்த மூன்று இரவுகள்
ஓர் இமைப்பில்.

எஸ்கனாபா. அரையிறுதி.
இந்தக் கோப்பைத் திறக்காமலே நாளைக் கடத்தினேன்.
பதினெட்டாம் நொடியில் லாப்பியோ நின்றுபோனது,
கை பாதி உயரத்தில்,
ஏதோ கேட்க எழுந்து
கேள்வியை மறந்த பையனைப் போல.
தடுப்புக்குப் பின்னால் கோர்வின்
குச்சியை அசைத்துக்கொண்டே இருந்தான்,
மணி அடித்த பிறகும்.
ஊர் திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் இருட்டு.
பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்:
"அவசரப்பட்டுட்டான், வேற என்ன."
அணைக்க மறந்த கேமரா அதையும் கேட்டிருக்கிறது.
குரல் என்னுடையது.

காட்சிகளுக்கு நடுவே ஒட்ட ஏதாவது வேண்டும் என்று
ஆட்டத்துக்கு முந்தைய பதிவை ஓட்டுகிறேன்.
பேட்டரியை ஒட்டி லென்ஸ். நல்ல கோணம்.
செம்பு மினுங்குகிறது. ஒரு மஞ்சள் கேபிள் மட்டும்
குறுக்கே தொங்கி அழகைக் கெடுக்கிறது.
வலது ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது.
கேபிளைப் பிடித்து, மெல்ல, பின்னால் ஒதுக்குகிறது.
செருகி அரை நகமளவு வெளியே வருகிறது.
கை போய்விடுகிறது.

கட்டைவிரலில் நீலச் சாயம்.
மணிக்கட்டில் பச்சைக் கயிறு.

குனிந்து என் மணிக்கட்டைப் பார்க்கிறேன்,
சந்தேகமே இல்லாவிட்டாலும்.
அறுபத்தொரு மணி நேரத்தில்
நான் இருப்பது இந்த ஒன்பது நொடி.

யார் கண் பட்டதோ என்பார்களே.
இந்தக் கண்தான். ஐம்பது மில்லிமீட்டர்.

அழிக்கும் விசையை
விரலுக்கு வாகாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கோர்வினை மட்டும் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஒரு தடவை பார்த்தான்.
இன்னொரு தடவை, திரையில் மூக்கு படுகிற மாதிரி.
தோள்களை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன்.
"ஃபோகஸ் கேபிள்ல இல்ல," என்றான்,
"பின்னாடி என் ஷூவுல இருக்கு."
பிறகு எழுந்து போய்
லாப்பியோவின் முன் மண்டியிட்டான்.
செருகியை அழுத்தினான். டிக்.
பிடுங்கினான். திரும்ப அழுத்தினான். டிக்.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
கேமரா மேசையில்தான் இருந்தது,
மூடி போட்டபடி.

திங்களன்று போன படத்தில்
அந்த ஒன்பது நொடியும் இருக்கிறது, இசை இல்லாமல்.
நூற்றிருபதைத் தாண்டக் கூடாது என்பது விதி.
இடம் பண்ண,
ஏரிமேல் எழுந்த சூரியனை எடுத்தேன்.
அது போதவில்லை.
சிரிப்பையும் எடுத்தேன்.